கிராமத்து மக்கள் தடுப்பூசிக்குத் தயங்க அறியாமைதான் காரணமா?

அப்படி ஒரே சொல்லில் முடித்துவிடாதீர்கள் என்றுதான் முதலில் கேட்டுக்கொள்வேன். செவிலியராகப் பல வருடங்கள் கிராமங்களில் குழந்தைகளுக்கு ஊசி போட்டிருக்கிறேன். தடுப்பூசியே கூடாது என்று பிடிவாதமாக நின்றவர்கள் மிகக் குறைவு. "இன்னைக்கு வேண்டாம், அடுத்த தடவை பாக்கலாம்" என்று நழுவியவர்கள்தான் அதிகம்.

ஒரு பெண் முதல் தவணை முத்தடுப்பு ஊசிக்கு (தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரணஜன்னி மூன்றுக்கும் சேர்த்துப் போடுவது) குழந்தையைக் கொண்டுவந்தார். இரண்டாம் தவணைக்கு வரவில்லை. வீடு தேடிப் போனேன். ஊசி போட்ட அன்று ராத்திரி குழந்தைக்குக் காய்ச்சல், தொடை வீங்கி விடிய விடிய அழுகை. "நல்லா இருந்த பிள்ளையைக் கொண்டுபோய் இப்படிப் பண்ணிட்டியே" என்று மாமியார் திட்டியிருக்கிறார். மறுநாள் வேலைக்கும் போக முடியவில்லை. அந்த ஊசிக்குக் காய்ச்சல் வருவது சகஜம், பெரும்பாலும் ஓரிரு நாளில் தணிந்துவிடும். ஆனால் அதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. ஊசி போட்டது நான்தான். அன்று கூட்டம் அதிகம், அவசரத்தில் விட்டுவிட்டேன். "முன்னாடியே சொல்லியிருந்தா இவ்வளவு பயந்திருக்க மாட்டேனே" என்று அவர் சொன்னது இன்றும் உறுத்துகிறது. அதன் பிறகு, காய்ச்சல் வரலாம், எந்த அறிகுறி தெரிந்தால் உடனே வர வேண்டும் என்று சொல்லாமல் ஒரு குழந்தையையும் அனுப்பியதில்லை. முடிந்தபோதெல்லாம் மறுநாள் போய் எட்டிப் பார்ப்பேன். அந்தப் பெண் மீதித் தவணைகளுக்குத் தானாகவே வந்தார்.

ஊசி வலிக்கு அஞ்சுவது படிக்காதவர்களின் குணமும் இல்லை. உலகில் இயற்கையாகப் பெரியம்மை தொற்றிய கடைசி மனிதர், 1977இல் சோமாலியாவைச் சேர்ந்த அலி மாவ் மாலின். மருத்துவமனையில் சமையல் வேலை பார்த்தவர். ஊசி வலிக்கும் என்று பயந்து தவிர்த்திருந்தார். பிழைத்து எழுந்தவர், பின்னாளில் போலியோ சொட்டு மருந்துப் பணியில் சேர்ந்தார். தயங்கும் பெற்றோரிடம் தன் கதையைச் சொல்லியே சம்மதிக்க வைத்தார். 2013இல் அந்தப் பணியில் இருந்தபோதுதான் மலேரியாவால் இறந்தார்.

அவநம்பிக்கைக்கும் பல இடங்களில் ஒரு பழைய காயம் இருக்கும். 2003இல் நைஜீரியாவின் கானோ மாநிலம் போலியோ சொட்டு மருந்தை நிறுத்தியது. அதில் மலடாக்கும் பொருள் கலந்திருக்கிறது என்ற வதந்தி பரவியிருந்தது. வதந்தி பொய்தான். ஆனால் 1996இல் அதே கானோவில் ஒரு வெளிநாட்டு மருந்து நிறுவனம் மூளைக்காய்ச்சல் வந்த குழந்தைகளிடம் புது மருந்தைச் சோதித்தது. சில குழந்தைகள் இறந்தார்கள், முறையாகச் சம்மதம் வாங்கவில்லை என்று பெற்றோர்கள் குற்றம்சாட்டினார்கள். அதைப் பார்த்த ஊர் அடுத்து வந்த மருந்தைச் சந்தேகப்பட்டதை வெறும் மூடத்தனம் என்று என்னால் சொல்ல முடியாது. அந்த நிறுத்தத்தால் போலியோ ஒழிந்திருந்த பல நாடுகளுக்கும் கிருமி மறுபடி போனது. ஆப்பிரிக்கா இயற்கை போலியோ வைரஸ் இல்லாத பகுதியாக அறிவிக்கப்பட்டது 2020இல்தான்.

படித்தவர்கள் மட்டும் ஏமாறாமல் இருந்தார்களா? தட்டம்மை உள்ளிட்ட மூன்று நோய்களுக்கான எம்.எம்.ஆர். தடுப்பூசியை ஆட்டிசத்தோடு முடிச்சுப் போட்ட 1998 கட்டுரையை நம்பியவர்களில் நன்றாகப் படித்த பெற்றோர்கள் ஏராளம். வெறும் 12 குழந்தைகளை வைத்து எழுதிய கட்டுரை அது. 2010இல் அந்த மருத்துவ இதழே அதைத் திரும்பப் பெற்றது.

அப்புறம் ஒரு விஷயம். கக்குவான் இருமலில் குழந்தை மூச்சுத் திணறி நீலம் பாரித்ததைக் கண்ட பாட்டிகள் பேரனைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருப்பார்கள். அந்த நோயையே பார்க்காத இளம் பெற்றோர்தான் "எதுக்கு?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும். தட்டம்மை வந்த ஒருவரிடமிருந்து பாதுகாப்பில்லாத 12 முதல் 18 பேருக்குப் பரவக்கூடும். அதைத் தடுக்க 100க்கு 95 பேராவது இரண்டு தவணையும் போட்டிருக்க வேண்டும். ஒரே தெருவில் நாலு வீடு விட்டுப்போனாலும் அங்கே அது பற்றிக்கொள்ளும்.

தயக்கம் என்று நாம் எழுதிவைப்பதில் பாதி, நேரமும் தூரமும்தான். காலை பத்து மணிக்கு ஊசி என்றால் தினக்கூலிக்குப் போகும் தாய் எப்படி வருவார்? அவர்கள் வேலை முடிந்து வரும் மாலை நேரத்துக்கு மாற்றிய ஊர்களில் "அடுத்த தடவை பாக்கலாம்" என்பதை நான் கேட்பது வெகுவாகக் குறைந்தது.