எஸ்எஃப்சி சரிசெய்யாத கோப்புகள்

விண்டோஸின் கெட்டுப்போன கணினிக் கோப்புகளைச் சரிசெய்யும் எஸ்எஃப்சி (SFC) ஸ்கேன் ஓடி முடிந்தும் 'சில கோப்புகளைச் சரிசெய்ய முடியவில்லை' என்றே வருகிறது, விண்டோஸை மறுபடி நிறுவ வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள் நண்பரே. எஸ்எஃப்சி நல்ல நகலை எடுப்பது விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் வின்எஸ்எக்ஸ்எஸ் கிடங்கிலிருந்து. அந்தக் கிடங்கே பழுதானால் எஸ்எஃப்சியை எத்தனை முறை ஓட்டினாலும் பயனில்லை.

இணையத்தை இணைத்துவிட்டு, கமாண்ட் ப்ராம்ப்ட்டை நிர்வாகியாகத் திறந்து, அந்தக் கிடங்கைப் பழுதுபார்க்கும் டிஐஎஸ்எம் (DISM) கட்டளையைக் கொடுங்கள். அதே வரியில் அதன் பின் ஆன்லைன் (/Online), க்ளீனப்-இமேஜ் (/Cleanup-Image), ரீஸ்டோர்ஹெல்த் (/RestoreHealth) மூன்றும் வர வேண்டும். ஒவ்வொன்றின் முன்னும் இடைவெளியும் சாய்கோடும் முக்கியம். நடுவில் சதவீதம் நகராமல் வெகுநேரம் நிற்கும், பயந்து மூடிவிடாதீர்கள். முடிந்ததும் மறுதொடக்கம், அப்புறம் மீண்டும் எஸ்எஃப்சி.

சரியாகிச் சில நாளில் திரும்பவும் கெட்டால் வன்தட்டைச் சந்தேகியுங்கள். அப்போது முதல் வேலை, படங்களையும் ஆவணங்களையும் வேறு இடத்தில் நகலெடுப்பது. வன்தட்டைச் சோதிக்கும் செக்டிஸ்க் (chkdsk) எல்லாம் அதற்குப் பிறகுதான்.