வெளிநாட்டில் ஒருவரின் சம்பளத்தை எது தீர்மானிக்கிறது?

ஒரே தொழில் தெரிந்த இரண்டு பேர் வெளிநாடு போனால், ஒருவர் மட்டும் ஏன் இரண்டு மடங்கு சம்பாதிக்கிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். படிப்பு, மொழி, அனுபவம் எல்லாமே காரணம்தான். ஆனால் நான் முதலில் பார்க்கச் சொல்வது, விசாவில் என்ன வேலை எழுதியிருக்கிறது என்பதைத்தான்.

நான் தண்டையார்பேட்டைக்காரன், வெல்டர். மணலி ரிஃபைனரியில் ஷட்டவுன் வேலை (ஆலையை நிறுத்திவைத்துச் செய்யும் பராமரிப்பு வேலை) பார்த்துவிட்டுக் கத்தார் போனேன். "ஹெல்பர் விசாவில் போ, அங்கே போய் மாத்திக்கலாம்" என்று எங்கள் பக்கத்துப் பையன்களை ஏஜென்டுகள் அனுப்புவார்கள். அங்கே போனால் வேலை வெல்டர் வேலை, சம்பளம் ஹெல்பர் சம்பளம். என்னோடு ரூமில் இருந்த எர்ணாவூர்த் தம்பி, 45 டிகிரி சாய்ந்த பைப்பைத் திருப்பாமல் சுற்றிலும் வெல்டிங் போடும் 6ஜி டெஸ்டில் என்னைவிடக் கெட்டிக்காரன். வாங்கியது என் சம்பளத்தில் பாதி. இன்றும் நினைத்தால் மனசு ஆறவில்லை.

கம்பெனி மாற முடியுமா என்பதும் பெரிய விஷயம். வளைகுடாவில் தொழிலாளியின் விசாவை முதலாளியோடு கட்டிப்போடும் கஃபாலா முறையில், அவர் சம்மதம் இல்லாமல் நகர முடியாது; அப்புறம் எங்கே சம்பளம் பேசுவது? கத்தார் 2020-இல் அந்த என்ஓசி (முதலாளியின் சம்மதக் கடிதம்) நிபந்தனையைச் சட்டத்திலிருந்து எடுத்தது. 2021 மார்ச்சிலிருந்து குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் 1,000 ரியால்.

அமெரிக்காவில் கதை வேறு. குடியேறியவர்கள் முதலில் குறைவாக வாங்கினாலும் 10-15 ஆண்டுகளில் உள்ளூர்க்காரர்களை எட்டிவிடுகிறார்கள் என்று பொருளாதார நிபுணர் பேரி சிஸ்விக் 1978-இல் எழுதினார். பிற்பாடு வந்தவர்களுக்கு அந்த வேகம் இல்லை என்று 1985-இல் இன்னொரு பொருளாதார நிபுணர் ஜார்ஜ் போர்ஹாஸ் மறுத்தார். எப்படியானாலும் அங்கே குடும்பத்தோடு தங்கி, மொழி பழகி, வேலை மாறி மேலே வர வழி இருக்கிறது. வளைகுடாவில் எத்தனை வருஷம் இருந்தாலும் நாம் ஒப்பந்தத் தொழிலாளிதான்.

கடனும் சம்பளத்தைக் குறைக்கும். சட்டப்படி ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். அதற்கு மேல் வட்டிக்கு வாங்கிக் கொடுத்துவிட்டுப் போகிறவர், கம்பெனி சொன்னதைவிடச் சம்பளத்தைக் குறைத்துக் கொடுத்தாலும் வாயைத் திறக்க மாட்டார். திரும்பி வந்தால் வட்டிக்காரர் வாசலில் நிற்பார்.

அதனால் ஏஜென்டின் பதிவை இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். ஒப்பந்தத்தில் உங்கள் தொழில் பெயரும் அடிப்படைச் சம்பளமும் இல்லாமல் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள்.