கடைசிப் பேருந்து போன பிறகு: ஜப்பான் கிராம விடுதிகள் பற்றி உங்கள் கேள்விகள்

ஒசாகாவில் குடியேறிப் பதினோரு வருடமாகிறது. நாலு நாள் லீவு கிடைத்தால் மலைப்பக்கம் கிளம்பிவிடுவேன். தங்குவது பெரும்பாலும் ஐந்தாறு அறை மட்டுமே உள்ள சின்ன விடுதிகளில்தான். 2024-ல் மட்டும் ஜப்பானுக்கு வந்த வெளிநாட்டவர் 3 கோடியே 68 லட்சம் பேர். கியோட்டோவில் பேருந்து ஏறக்கூட முடியாமல் நின்ற பலர், கூட்டமில்லாத ஜப்பான் எங்கே இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, பத்து நாள் ட்ரிப். டோக்கியோ, கியோட்டோ, ஒசாகா போக மூன்று நாள் மிச்சம் இருக்கிறது. மூன்று நாளில் மூன்று கிராமம் பார்க்க முடியுமா?

பார்க்கலாம் தம்பி, ஆனால் பேருந்து நிறுத்தங்களைத்தான் பார்ப்பீர்கள். ஒரே ஊரில் இரண்டு இரவு தங்குங்கள். கூட்டம் என்பது பெரும்பாலும் காலை பத்திலிருந்து மாலை நாலு வரைதான். இரவு தங்குகிறவர்கள் மிகக் குறைவு.

கிசோ பள்ளத்தாக்கில் உள்ள த்ஸுமாகோவையே எடுத்துக்கொள்ளுங்கள். எதோவையும் (இன்றைய டோக்கியோ) கியோட்டோவையும் இணைத்த நகசெந்தோ நெடுஞ்சாலையில் பயணிகள் தங்கிப்போன ஊர் அது. 1971-ல் ஊரார் கூடி, வீட்டை விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை, இடிப்பதில்லை என்று முடிவெடுத்தார்கள். மின்கம்பிகளைக் கண்ணில் படாமல் மறைத்தார்கள். பகலில் தெருவுக்குள் கார் வரக்கூடாது. நண்பகலில் போனால் அங்கேயும் கூட்டம்தான். மாலையில் கடைகளின் மரக்கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்ட பிறகு வெளியே வந்து நில்லுங்கள். காகித விளக்கின் மஞ்சள் வெளிச்சமும் தெருவோரக் கால்வாயில் தண்ணீர் ஓடும் சத்தமும்தான் இருக்கும். நான் முதல்முறை போனபோது ஏழு மணிக்கு அந்தத் தெருவில் ஒரு பூனையும் நானும்தான்.

பக்கத்து ஊரான மகோமேயிலிருந்து த்ஸுமாகோவுக்குப் பழைய பாதையில் எட்டு கிலோமீட்டர், மூன்று மணி நேரம் நடக்கலாம். மகோமேயிலிருந்து தொடங்கினால் ஏற்றம் குறைவு. நகோயாவிலிருந்து நகத்ஸுகாவா வரை ரயில், அங்கிருந்து மகோமேக்குப் பேருந்து.

கேள்வி: ஷிராகவாகோ போக ஆசை. ஆனால் திருவிழாக் கூட்டம் என்கிறார்களே?

உண்மைதான். அங்கே எல்லாரும் பார்க்கப் போகும் செங்குத்தான கூரை வீடுகள் கொகாயாமாவிலும் உண்டு. 1995-ல் யுனெஸ்கோ இரண்டையும் சேர்த்தேதான் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றியது. கொகாயாமாவில் ஐநோகுரா என்ற சிற்றூருக்குப் போங்கள். வயலுக்கு நடுவில் சுமார் இருபது கூரை வீடுகள், சிலவற்றில் தங்கலாம். பனி வழிந்து விழுவதற்காகக் கூரையை அவ்வளவு செங்குத்தாக வேய்ந்திருக்கிறார்கள். அந்தப் பாணிக்குப் பெயர் கஷ்ஷோ, கை கூப்புவது என்று பொருள். நேரில் பார்த்தால் நம் வணக்கம் அப்படியே தெரியும். ஷின்-தகாஒகா ரயில் நிலையத்திலிருந்து பேருந்து உண்டு.

கேள்வி: ரியோகானுக்கும் மின்ஷுக்குவுக்கும் என்ன வித்தியாசம்? ஒரு ராத்திரிக்கு எவ்வளவு ஆகும்?

ரியோகான் முறையான பாரம்பரிய விடுதி. பணியாளர்கள் இருப்பார்கள், சாப்பாடு பல சுற்றாக வரும். மின்ஷுக்கு ஒரு குடும்பம் தன் வீட்டையே விடுதியாக நடத்துவது. கழிவறையும் குளியலும் பொதுவாக இருக்கும், மெத்தையை நாமே விரித்துக்கொள்ள வேண்டியிருக்கலாம்.

கவனிக்க வேண்டியது, வாடகை அறைக்கு இல்லை, ஆளுக்கு. அதில் இரவுச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் அடக்கம். மின்ஷுக்கு என்றால் ஒருவருக்குச் சுமார் 9,000 முதல் 13,000 யென். ரியோகான் 15,000-க்கு மேல் எங்கே வேண்டுமானாலும் போகும். வெந்நீர் ஊற்று உள்ள ஊரில் ஆளுக்கு 150 யென் அளவில் குளியல் வரியும் சேரும். பணமாகக் கையில் வைத்திருங்கள். பல இடங்களில் கார்டு எடுக்க மாட்டார்கள்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம், முட்டை கூடக் கிடையாது. கிராமத்தில் பட்டினிதானா?

இந்தக் கேள்விதான் அதிகம் வந்தது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சிக்கல் கண்ணுக்குத் தெரிகிற மீனில் இல்லை, தாஷியில் இருக்கிறது. கீரைக்கும் சூப்புக்கும் அவித்த பூசணிக்கும் அடிப்படையாக அவர்கள் ஊற்றும் சாறு அது. பெரும்பாலும் உலர்ந்த கத்ஸுஒ மீனைச் சீவிப் போட்டுக் காய்ச்சுவார்கள். “காய்கறி மட்டும் போதும்” என்று சொன்னால் அந்தச் சாற்றில் வெந்த காய்கறி வரும். அவர்கள் ஏமாற்றவில்லை, அது அவர்களுக்கு மீனாகவே தோன்றுவதில்லை. அதனால் முன்பதிவு செய்யும்போதே “மீன் தாஷியும் கூடாது, கொம்பு கடற்பாசி அல்லது ஷீதாக்கே காளான் தாஷி என்றால் சரி” என்று எழுதிவிடுங்கள். போய் இறங்கியபின் சொன்னால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது.

கவலையே இல்லாமல் சாப்பிட வேண்டுமென்றால் கோயாசான் மலைக்குப் போங்கள். துறவி கூகாய் 816-ல் அனுமதி பெற்று உண்டாக்கிய தலம். சுமார் ஐம்பது கோயில்கள் விருந்தினரைத் தங்க வைக்கின்றன. இந்தத் தங்குமிடத்துக்கு ஷுகுபோ என்று பெயர். அங்கே தரும் ஷோஜின் உணவில் இறைச்சி, மீன் மட்டுமல்ல, வெங்காயம் பூண்டு கூடக் கிடையாது. என் அம்மா ஜப்பானில் முதன்முதலாக எதையும் கேட்காமல், முகர்ந்து பார்க்காமல் சாப்பிட்டது அங்கேதான். எள்ளை அரைத்துக் குட்ஸு கிழங்கு மாவோடு கிண்டிச் செய்யும் ‘கோமா தோஃபு’வை இரண்டாம் முறை கேட்டு வாங்கினாள்.

கோயாசானிலும் பகலில் கூட்டம் உண்டு. காலை ஆறு மணி வழிபாட்டில் போய் உட்காருங்கள், பிறகு இரண்டு கிலோமீட்டர் நீளும் ஒகுனோஇன் மயானப் பாதையில் சுகி என்ற ஊசியிலை மரங்களுக்கு நடுவே நடங்கள்.

கேள்வி: எல்லார் முன்னாலும் துணியில்லாமல் குளிக்க வேண்டுமாமே. கூச்சமாக இருக்கிறது.

எனக்கும் இருந்தது. முதல் தடவை இரவு பதினொன்றரைக்கு, யாரும் இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் போனேன். பல விடுதிகளில் குடும்பமாகவோ தனியாகவோ உள்ளே தாழிட்டுக் குளிக்கும் தொட்டி உண்டு, ‘கஷிகிரி’ இருக்கிறதா என்று கேளுங்கள். பச்சை குத்தியிருப்பவர்களுக்கும் அதுதான் வழி.

பொதுக் குளியலில் ஆணும் பெண்ணும் தனித்தனி. முதலில் சின்ன முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிக்கொண்டு பிறகே தொட்டியில் இறங்க வேண்டும். துண்டை நீரில் நனைக்கக் கூடாது, முடியைத் தூக்கிக் கட்டிக்கொள்ளுங்கள். ஒன்று மறக்காதீர்கள்: சில விடுதிகளில் விடியும் முன் ஆண், பெண் குளியலறைகளை மாற்றிவிடுவார்கள். நேற்று போன கதவுதானே என்று நுழையாமல் வாசல் திரையைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

கேள்வி: இதுவரை தங்கியதில் உங்கள் மனசுக்குப் பிடித்தது எது அக்கா?

ஷிகோக்கு தீவின் இயா பள்ளத்தாக்கு. காட்டுக்கொடியால் பின்னிய 45 மீட்டர் பாலத்தைப் பார்க்கத்தான் எல்லாரும் வருகிறார்கள். மூன்று வருடத்துக்கு ஒருமுறை அதைப் புதிதாகப் பின்னுவார்கள். பாலத்தைத் தாண்டி மேலே போனால் மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒச்சியாய் போன்ற ஊர்கள் வரும்.

அங்கே ஒரு மின்ஷுக்குவுக்கு ஐந்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தேன். ஒபோகே நிலையத்தில் பேருந்தைத் தவறவிட்டேன், போன் செய்யவும் தோன்றவில்லை. ஏழரைக்கு இறங்கியபோது அந்த வீட்டுப் பாட்டி டார்ச் விளக்கோடு நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தாள். ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. உள்ளே இரோரி அடுப்பைச் சுற்றி, உப்புத் தடவிக் குச்சியில் செருகிய மீன்கள் நின்றபடியே காய்ந்து கறுத்திருந்தன. எனக்காக ஆறு மணிக்குச் சுட்டவை. உருளைக்கிழங்கையும், கயிறு கட்டித் தூக்கலாம் என்று அந்த ஊரார் சொல்லும் கெட்டித் தோஃபுவையும் மிசோ தடவித் திரும்பச் சூடாக்கிக் கொடுத்தாள். அன்றிலிருந்து ஐந்து நிமிடம் தாமதமானாலும் போன் செய்துவிடுகிறேன். இந்த வீடுகளில் உங்களுக்கென்றே வாங்கி, உங்களுக்கென்றே சமைக்கிறார்கள். தாமதமும் கடைசி நேர ரத்தும் அவர்களை நேராகப் பாதிக்கும்.

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது, முழங்கால் வலி. தரையில் படுப்பது சரிப்படுமா?

ஃபுத்தோன் மெத்தை கனமானது, படுப்பதில் சிரமமில்லை. எழுந்திருப்பதுதான் சிரமம். பழைய வீடுகளின் மாடிப்படி ஏணி மாதிரி இருக்கும். கீழ்த்தள அறை, சாப்பிட நாற்காலி, பக்கத்தில் கழிவறை, இந்த மூன்றையும் எழுதிக் கேளுங்கள். இல்லையென்றால் கட்டில் போட்ட அறை உள்ள ரியோகானே நல்லது.

கேள்வி: நான் தனியாகப் போகிற பெண். ஜப்பானிய மொழியும் தெரியாது. அறை கொடுப்பார்களா?

சில ரியோகான்கள் வார இறுதியில் ஒற்றை ஆளுக்குக் கொடுக்கத் தயங்கும். நடைப்பயண வழிகளில் அந்தத் தொல்லை குறைவு. குமானோ கோதோ என்ற பழைய யாத்திரை வழியின் நகாஹெச்சி பாதையில் போங்கள். தனபே நகரின் குமானோ சுற்றுலாப் பணியகம் ஆங்கிலத்திலேயே அந்தக் கிராமத்து விடுதிகளைப் பதிவு செய்து தருகிறது. பெரிய பயணத் தளங்களில் காணக் கிடைக்காத வீடுகள் பல அதில் உண்டு. வழியில் யுனோமினே ஊரில் த்ஸுபோயு என்ற சின்ன மரக்குடில் குளியல் இருக்கிறது. ஒரு முறைக்கு ஒரு குழு, 30 நிமிடம், முன்பதிவு இல்லை. பக்கத்து ஊற்றில் முட்டையும் கிழங்கும் வேகவைத்துச் சாப்பிட்டபடி காத்திருக்கலாம். மலைப்பாதையில் கரடி மணி கட்டிக்கொள்ளுங்கள், இருட்டும் முன் விடுதி சேர்ந்துவிடுங்கள்.

கேள்வி: நோதோ தீபகற்பத்துக்கு இப்போது போவது சரியா? அவர்களுக்குத் தொந்தரவாக இருக்காதா?

2024 ஜனவரி 1 அன்று 7.6 அளவு நிலநடுக்கம், அதே செப்டம்பரில் பெருவெள்ளம். இரண்டையும் தாங்கிய மண் அது. திறந்திருக்கும் விடுதிக்கு விருந்தாளி வேண்டும், தயங்காமல் போங்கள். எந்தச் சாலை, எந்த விடுதி என்று முதலில் உள்ளூர்ச் சுற்றுலா மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். இடிந்த வீடுகள் முன் நின்று படம் எடுக்காதீர்கள்.

கேள்வி: டிப்ஸ் எவ்வளவு வைக்க வேண்டும்?

வேண்டாம். அறையில் பணம் வைத்தால் மறந்துவிட்டீர்கள் என்று பேருந்து நிறுத்தம் வரை ஓடி வருவார்கள். ஊரிலிருந்து முறுக்கோ கடலை மிட்டாயோ ஒரு பொட்டலம் கொண்டுபோய், வந்ததும் இரண்டு கையாலும் கொடுங்கள். மறுநாள் காலைத் தேநீருக்கு அதுவே தட்டில் வந்து நிற்கும்.