பழைய வாட்ச் போதுமா, ஸ்மார்ட்வாட்ச் வேண்டுமா?

கேள்வி: எனக்கு 46 வயது. பன்னிரண்டு வருஷமாக ஒரே சாதாரண வாட்சைத்தான் கட்டிவருகிறேன், இன்றைக்கும் நன்றாக ஓடுகிறது. பி.பி.க்கு மாத்திரை சாப்பிடுகிறேன். சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது. தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். ஸ்மார்ட்வாட்ச் கட்டினால் பி.பி., சர்க்கரை எல்லாமே கையிலேயே தெரியும் என்கிறான் மகன். வாங்கலாமா? வாங்கினால் பழையதை என்ன செய்வது?

பதில்: மகன் சொன்ன காரணத்துக்காக வாங்காதீர்கள். டாக்டர் சொன்ன காரணத்துக்காக வேண்டுமானால் வாங்கலாம்.

முதலில் சர்க்கரை. தோலைக் குத்தாமல் வாட்ச் தானாகவே சர்க்கரையை அளக்கும் என்று யார் விற்றாலும் நம்பாதீர்கள். அப்படிப்பட்ட வாட்ச், மோதிரம் எதற்கும் தாங்கள் அனுமதி தரவில்லை என்று அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் வெளிப்படையாகவே எச்சரித்தது. புஜத்தில் ஒட்டிக்கொள்ளும் சென்சார் ஒன்று உண்டு. அதன் மெல்லிய இழை தோலுக்குள் இருந்தபடி அளக்கும், வாட்ச் அந்த எண்ணை வாங்கிக் காட்டும், அவ்வளவுதான். பொய்யான எண்ணை நம்பி மாத்திரையைக் கூட்டிக் குறைத்தால் அது உயிருக்கே ஆபத்து.

பி.பி. விஷயம் கொஞ்சம் வேறு. ஸ்ட்ராப்புக்குள்ளேயே காற்றுப்பை வைத்து, கையை இறுக்கி அளக்கும் மாடல்கள் இருக்கின்றன. மற்றவை நாடித்துடிப்பின் அலையை வைத்து மதிப்பிடுகின்றன. அவற்றில் நல்ல மாடல்கள்கூட, புஜத்தில் பட்டை சுற்றி அளக்கும் மெஷினோடு முதலில் ஒப்பிட்டுச் சரிசெய்யச் சொல்கின்றன. நான்கு வாரத்துக்கு ஒரு முறை மறுபடியும் செய்யச் சொல்வதும் உண்டு. ஆக, அந்த மெஷின் எப்படியும் வீட்டில் இருக்க வேண்டும். சில மலிவு வாட்சுகளை ஒரு துண்டைச் சுருட்டி அதன்மேல் கட்டிப் பாருங்கள், துண்டுக்கும் பி.பி. காட்டும்! மாத்திரை சாப்பிடுகிற உங்களுக்கு நான் சொல்வது: முதல் செலவு பட்டை மெஷினுக்கு, மிச்சமிருந்தால் வாட்சுக்கு.

சரி, ஸ்மார்ட்வாட்ச் எதை ஒழுங்காகச் செய்யும்? பல்ஸை. வாட்சைத் திருப்பினால் முதுகில் பச்சை விளக்கு மின்னுவது தெரியும். ரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். இதயம் ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் மணிக்கட்டில் ரத்தம் கூடுகிறது, திரும்பி வரும் ஒளி அந்த நொடியில் குறைகிறது. அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணித்தான் பல்ஸ் சொல்கிறது. ஸ்ட்ராப் தொளதொளவென்று இருந்தால் வெளிச்சம் புகுந்து கணக்குக் கெடும். மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, நகராத அளவுக்குக் கட்டுங்கள். பச்சை குத்திய இடத்தின் மேலே கட்டினால் சரியாக வராது.

கலோரிக் கணக்கை மட்டும் மறந்துவிடுங்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 2017-இல் ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். பல்ஸை ஆறு கருவிகள் 5 சதவீதப் பிழைக்குள் சொல்லிவிட்டன. கலோரியில் இருப்பதிலேயே நல்ல கருவிகூட 27 சதவீதம் தவறியது. வாட்ச் காட்டும் கலோரியை நம்பி இனிப்பில் கைவைத்தால் உங்கள் எல்லைக்கோடு தாங்காது.

விலை கூடிய மாடல்களில் இசிஜி உண்டு. ஒழுங்கில்லாத ஒருவகை இதயத்துடிப்பை அது கண்டுகொள்ளும், மாரடைப்பைக் கண்டுகொள்ளாது. நெஞ்சில் வலி வந்தால் வாட்ச் என்ன சொல்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

இப்போது நேரம். உங்கள் பழைய வாட்ச் பேட்டரி செல்லில் ஓடும் குவார்ட்ஸ் வகை என்று வைத்துக்கொள்கிறேன். அதன் மூடியைத் திறந்தால் அரிசிமணியைவிடக் கொஞ்சம் பெரிய உலோகக் குப்பி ஒன்று தெரியும். உள்ளே இருக்கும் குவார்ட்ஸ் என்ற படிகத்தின் துண்டு நொடிக்கு 32,768 தடவை அதிர்கிறது. அந்த எண்ணைப் பதினைந்து முறை பாதியாக்கினால் சரியாக ஒன்று, நொடிமுள்ளின் ஒரு தட்டு. மாதத்துக்குப் பதினைந்து நொடி முன்பின் போகலாம். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு செல் மாற்றினால் போதும். எனக்கு இதைவிட அழகான இயந்திரம் கிடையாது.

ஸ்மார்ட்வாட்சும் போனோடு சேர்ந்து நேரத்தைத் துல்லியமாகவே காட்டும், ஆனால் சார்ஜ் இருக்கும்வரைதான். கலர் திரையும் நிறைய ஆப்பும் உள்ளவை ஒன்றிரண்டு நாள், எளிய வகைகள் ஒன்றிரண்டு வாரம். தினமும் சார்ஜ் போடுகிற பேட்டரி மூன்று நான்கு வருஷத்தில் தளர்ந்துவிடும். அப்புறம் கம்பெனி சாஃப்ட்வேர் அப்டேட்டை நிறுத்தும். பன்னிரண்டு வருஷக் கணக்கெல்லாம் இதனிடம் எதிர்பார்க்காதீர்கள்.

வாங்குவதற்கு முன் ஒரு மாதம் இதைச் செய்யுங்கள். உங்கள் போனே நீங்கள் எத்தனை காலடி எடுத்து வைத்தீர்கள் என்று எண்ணும். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடங்கள், ராத்திரி எண்ணைப் பாருங்கள். எண் குறைவாக இருக்கிறதே என்று செருப்பை மாட்டிக்கொண்டு மறுபடி கிளம்புகிற ஆள் நீங்கள் என்றால் ஸ்மார்ட்வாட்ச் உங்களுக்கு நிச்சயம் உதவும். பார்த்துவிட்டுப் படுத்துவிடுகிற ஆள் என்றால் காசை வைத்துக்கொள்ளுங்கள். உதவும் என்று தெரிந்தாலும் எளிய வகையே போதும், இசிஜி வேண்டுமா என்பதை டாக்டரிடம் கேளுங்கள். வாங்கிய அன்றைக்கே, போன் அழைப்பைத் தவிர மற்ற நோட்டிஃபிகேஷன்களை அணைத்துவிடுங்கள். குளிக்கப் போகும்போது கழற்றி சார்ஜில் போடுங்கள். தண்ணீர் புகாமல் தடுக்க உள்ளே இருக்கும் ரப்பர் வளையத்தைச் சோப்பும் வெந்நீரும் கெடுக்காமலும் இருக்கும்.

பழைய வாட்சைத் தூக்கிப் போடாதீர்கள். நடக்கும்போது புதியது, மற்ற நேரம் பழையது என்று மாற்றிக் கட்டலாம். பெட்டியில் வைக்கப்போவதாக இருந்தால் மட்டும் முதலில் செல்லைக் கழற்றச் சொல்லுங்கள். தீர்ந்த செல் உள்ளேயே கிடந்தால் கசிந்து, அந்தச் சின்னச் சர்க்யூட்டை அரித்துவிடும்.