ஈரல் மாத்தணும்னு சொல்லிட்டாங்களா? கேளுங்க, தெரிஞ்சத சொல்லுதேன்

செங்கோட்டைல இருந்து எழுதுதேன். 2019ல என் ஈரல்ல வலது பக்கத்த எடுத்து எங்க வீட்டுக்காரருக்கு வச்சாங்க, மலைக்கு அந்தப்பக்கம் கேரளால ஒரு ஆஸ்பத்திரில. நான் டாக்டர் இல்ல, ஆனா குடுத்தவ கஷ்டம் வாங்குனவர் கஷ்டம் ரெண்டையும் ஒரே வீட்ல பாத்தவ. எல்லாரும் ஆபரேஷனுக்குத்தான் பயப்படுதீங்க, எனக்கு அதுக்கு முந்துன எட்டு மாசம்தான் நாக்கு தள்ளிருச்சு.

புளியரை தம்பி: அப்பாவுக்கு மெல்ட் ஸ்கோர் 24ங்காங்க, நல்லதா கெட்டதா?

எங்க அத்தையும் இப்படித்தான் “40க்கு 24ன்னா பாஸ்தான”ன்னு கேட்டாங்க. பரீச்ச மார்க்கு இல்ல தம்பி அது, ஈரல் எவ்வளவு கெட்டுருக்குன்னு காட்டுற கணக்கு, கூடக்கூட ஆபத்து. ரத்த டெஸ்ட்ல வர்ற பிலிருபின், ஐஎன்ஆர், கிரியாட்டினின், கூட சோடியம், இத வச்சு 6ல இருந்து 40 வர கணக்கு போடுவாங்க. 15 வந்தாலே மாத்துறத பத்தி பேச ஆரம்பிச்சிருவாங்க, நாள் கடத்தாதீங்க.

புனலூர் அண்ணாச்சி: ரேஷன் கார்டு கேரளா, சொந்தம் எல்லாம் தென்காசி. மூளைச்சாவு ஆனவங்க ஈரலுக்கு தமிழ்நாட்டுல பேர் பதியலாமா?

பதியலாம். அந்தந்த மாநிலத்துக்காரங்கதான் பதியணும்ங்கிற கட்டுப்பாட 2023ல மத்திய அரசு எடுத்துட்டாங்க. பேர் எழுதி வச்சு உறுப்ப பிரிச்சுக் குடுக்குற அரசு அமைப்புக்கு இங்க டிரான்ஸ்டான்னு பேரு, கேரளால கே-சோட்டோ, ஆந்திரா சித்தூர் பக்கம்னா “ஜீவன்தான்”னு பேரு, எதுன்னாலும் ஆஸ்பத்திரி வழியாத்தான் பேர் போகும். உள்ளூர்காரங்களுக்கு முன்னுரிமை எப்படின்னு கோஆர்டினேட்டர்ட்ட கேட்டுக்கிடுங்க. ஒண்ணு யோசிங்க, எடுத்த ஈரல ஐஸ்ல 12 மணி நேரத்துக்கு மேல வைக்கிறது சரிவராது, போன் நடுராத்திரி வந்தாலும் வரும், ஆரியங்காவு மலை ரோட்ல மழையில மரம் விழுந்து கெடந்தா என்ன செய்வீங்க? சட்டுனு போய் சேருற ஆஸ்பத்திரியா பாருங்க. இன்சூரன்ஸ் கார்டு எந்த ஊர்ல செல்லும்னு பேர் பதியுறதுக்கு முன்னாடியே கேளுங்க, நாங்க கேக்காம போய் நகைய வித்தோம்.

களியக்காவிளை மதினி: மச்சினன் குடுக்கேன்னு சொல்லுதான், எடுப்பாங்களா?

1994 உறுப்பு மாற்றுச் சட்டத்துல நெருங்குன சொந்தம்னா புருசன் பொண்டாட்டி, அப்பா அம்மா, பிள்ளைங்க, கூடப்பொறந்தவங்க. 2011ல தாத்தா பாட்டி பேரப்பிள்ளைங்களையும் சேத்தாங்க. நோயாளிக்கு மச்சினன் முறைன்னா இதுல வரமாட்டான், அவனுக்கு அங்கீகாரக் கமிட்டி முன்னாடி உக்காரணும், காசுக்காக இல்ல பாசத்துக்காகன்னு காட்டணும். ஈரல காசுக்கு வித்தா வாங்குனா 10 வருசம் வரைக்கும் ஜெயில், 1 கோடி வரைக்கும் அபராதம், புரோக்கர் யாராச்சும் வந்தா வாசல்லயே அனுப்பிருங்க. அப்புறம் பேப்பர். எனக்கு ஆதார்ல புருசன் இனிஷியல், பள்ளிக்கூட சர்டிபிகேட்ல அப்பா இனிஷியல், கல்யாணப் பதிவுல வேற எழுத்து. நான்தான் பொண்டாட்டின்னு நிரூபிக்க ஒரு ஆபீஸ்ல மூணு வாரம் அலைய விட்டாங்க, இங்க வயித்துல நீர் கோத்து ஒரு மனுசன் கெடக்காரு. உங்க வீட்ல யாருக்காச்சும் சிரோசிஸ், அதாவது ஈரல் சுருங்கிப்போற நோய்னு தெரிஞ்ச அன்னைக்கே பேரயெல்லாம் ஒத்துப்போக வச்சிருங்க.

அச்சன்புதூர் அக்கா: குடுக்குறவங்களுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?

ஆகாதுன்னு சொல்லமாட்டேன். பெரியவங்களுக்குன்னா பாதிக்கு மேல எடுப்பாங்க, நம்மட்ட 30 சதவீதமாச்சும் மிச்சம் இருக்கணும், அது மூணு மாசத்துக்குள்ள பெரும்பாலும் வளந்துரும். ஆனா வலது பக்கம் குடுக்குறவங்கள்ல 200ல இருந்து 500 பேருக்கு ஒருத்தர் உயிர் போயிருக்கு. இத மறைச்சு சம்மதம் வாங்குறது பாவம். எனக்கு கொழுப்பு ஈரல்னு முதல்ல வேண்டாம்னுட்டாங்க, பார்டர் புரோட்டாவ விட்டு நடந்து நடந்து எட்டு கிலோ கொறச்ச பெறகுதான் எடுத்தாங்க.

கடையநல்லூர் தங்கச்சி: அண்ணன் பகல்ல தூங்கி ராத்திரி உளறுதான், மாந்திரீகம் பாக்கலாம்னு அம்மா சொல்லுதாங்க.

பேயும் இல்ல பிசாசும் இல்ல தங்கச்சி, ஈரல் சுத்தம் பண்ணாத அம்மோனியா மூளைக்கு ஏறுது. கைய நீட்டச் சொல்லிப் பாருங்க, பறவ றெக்க அடிக்க மாதிரி ஆடுச்சுன்னா இன்னைக்கே ஆஸ்பத்திரி. மலச்சிக்கல் ஆனாலே எங்க வீட்டுக்காரர் கெழக்க மேக்க மறந்துருவாரு, மலம் இளக்குற லாக்டுலோஸ் மருந்து குடுத்து நாளைக்கு ரெண்டு மூணு தடவ வெளிய போறாரான்னு எண்ணிக்கிட்டே இருந்தேன். உப்ப கொறைங்க, கருவாடு, பப்படம், ஊறுகா வேண்டாம். ஆனா முட்ட பருப்ப நிறுத்திராதீங்க, சத எல்லாம் கரைஞ்சிரும்.

பாறசாலை அண்ணன்: குடிச்சுத்தான் ஈரல் போச்சு, மாத்துவாங்களா?

மாத்துவாங்க, ஆறு மாசம் தொடாம இருந்தியான்னு பல ஆஸ்பத்திரில பாப்பாங்க, மனநல டாக்டரும் பேசுவாரு. இன்னைக்கே நிறுத்துங்க.

புளியரை தம்பி மறுபடி: மாத்துன பெறகு மாத்திரை எத்தன நாளைக்கு?

ஆயுசுக்கும். புது ஈரல உடம்பு தள்ளிராம இருக்க டாக்ரோலிமஸ் மாத்திரை காலையும் ராத்திரியும் அதே நேரத்துக்கு, பம்ப்ளிமாஸ் பழம் தொடக்கூடாது, டாக்டரக் கேக்காம நாட்டு மருந்து எதுவும் கூடாது. ரத்தத்துல அந்த மருந்து எவ்வளவு இருக்குன்னு லெவல் பாக்க ரத்தம் குடுக்குற அன்னைக்கு மட்டும் காலை மாத்திரைய முழுங்காதீங்க, முழுங்குனா கணக்கு தப்பா காட்டும். நாங்க பாலருவி எக்ஸ்பிரஸ்ல ராத்திரி ஏறி எர்ணாகுளம் போவோம், மாத்திரை என் பைல இருக்கும், அவர்ட்ட குடுக்கமாட்டேன், லேப் வாசல்ல பஞ்ச வச்சு கைய அமுக்கிக்கிட்டு வந்தாத்தான் குடுப்பேன்.