ஊட்டி டேலியா கோவையில் ஏன் அழுகுகிறது?

கேள்வி: கோவை வடவள்ளியில் இருக்கிறோம். மே மாதம் ஊட்டி போனபோது பத்து டேலியா கிழங்கு வாங்கி வந்து, ஜூன் முதல் வாரம் புழக்கடையில் நட்டு, தினமும் தண்ணீர் விட்டேன். ஆறு அழுகிவிட்டன. இரண்டு கெட்டியாகத்தான் இருக்கின்றன, ஆனால் முளைக்கவில்லை. மீதி இரண்டும் இப்போது, ஆகஸ்டில், இடுப்பளவு வளர்ந்து நிற்கின்றன, மொட்டே இல்லை. செம்மண், தொழுவுரம் நிறையப் போட்டேன். பக்கத்தில் இரண்டு தென்னை உண்டு. மறுபடி முயற்சி செய்யலாமா? வீட்டில் சின்னப் பிள்ளைகளும் ஒரு நாயும் இருக்கிறார்கள். செடியால் ஆபத்து ஏதும் உண்டா?

பதில்: தாராளமாக முயற்சி செய்யலாம். ஆனால் ஊட்டியின் நடவு மாதத்தை ஊட்டியிலேயே விட்டுவிட்டு வாருங்கள். உங்களுக்கு டேலியா ஜனவரிப் பூ. மற்ற எல்லா வேலையையும் அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டும்.

டேலியாவின் பூர்வீகம் மெக்சிகோவின் மலைப்பகுதி. மெக்சிகோ நகரமும் ஊட்டியும் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய ஒரே உயரம், 2,240 மீட்டர் அளவில். அதனால்தான் இந்தச் செடி ஊட்டியில் பெரிய கவனிப்பு இல்லாமலே பூத்துத் தள்ளுகிறது. கோவை 400 மீட்டரை ஒட்டித்தான் இருக்கிறது. இங்கே பகல் 30 டிகிரியை ஒட்டியும் இரவு 18, 19 என்றும் இறங்குவது டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி நடுப்பகுதி வரை. டேலியா ஒத்துக்கொள்ளும் பருவம் அவ்வளவுதான். மார்ச்சில் வெயில் ஏறியதும் பூ சிறுத்து, இதழ் அடுக்கு குறைந்து, நடுவில் மஞ்சள் கண் தெரிய ஆரம்பிக்கும்.

இப்போது அழுகிய ஆறு கிழங்குகளுக்கு வருவோம். மெக்சிகோ மலையில் மழை பெய்வது கோடையில், குளிர்காலம் வறட்சி. மழை வந்ததும் முளைத்து, வளர்ந்து, பூத்து, மண் காய்ந்ததும் மேல்பகுதியை உதிர்த்துவிட்டு உள்ளே உறங்குவதற்காகச் செடி சேர்த்து வைக்கிற சாப்பாடுதான் இந்தக் கிழங்கு. உறங்கும் கிழங்குக்கு உறிஞ்சும் வேர் கிடையாது. நீங்கள் விட்ட தண்ணீரை அது எடுத்துக்கொள்ளவே இல்லை. சூடான ஈர மண்ணில் சும்மா ஊறிக் கிடந்தது. பூஞ்சைக்கு அது போதும். நடும்போது மண்ணில் லேசான ஈரம் இருந்தால் சரி. முளை மண்ணுக்கு மேலே இரண்டு விரல்கடை எட்டிப் பார்க்கும்வரை தண்ணீர் விடக் கூடாது. நட்டதும் தண்ணீர் விட்டே பழகிய நமக்கு இந்த ஒன்றுதான் கைவராது.

முளைக்காத இரண்டின் கதை வேறு. உருளைக்கிழங்கில் உடம்பு முழுக்கக் கண் இருக்கும். எந்தத் துண்டை நட்டாலும் வரும். டேலியாவில் அப்படி இல்லை. பழைய தண்டும் கிழங்கும் சேருகிற கழுத்துப் பகுதியில் மட்டும்தான் கண் இருக்கும். கொத்திலிருந்து பிய்க்கும்போது கழுத்து ஒடிந்தாலோ, தண்டின் அடி ஒட்டாமல் வந்தாலோ அந்தக் கிழங்கு மாதக்கணக்கில் கெட்டியாகவே கிடக்கும், முளை மட்டும் வராது. தோண்டிப் பாருங்கள். கழுத்தில் குண்டூசித் தலை அளவு புடைப்பு எதுவும் தெரியவில்லை என்றால் தூக்கிப் போட்டுவிடலாம். இனி வாங்கும்போதும் பருமனைப் பார்த்து ஏமாற வேண்டாம். விரல் பருமன் கிழங்கு போதும், கழுத்து முழுசாக இருக்க வேண்டும்.

வளர்ந்தும் மொட்டு வராத இரண்டுக்குக் காரணம் தொழுவுரமும் தென்னையும் என்பது என் கணிப்பு. தழைச்சத்து மிஞ்சினால் இலை கரும்பச்சையாகத் தழைத்துக்கொண்டே போகும், பூ பின்தங்கும். அதோடு நிழலும் சேர்ந்தால் தண்டு நெட்டையாக ஓடும். டேலியாவுக்குக் குறைந்தது ஐந்தாறு மணி நேரம் நேர் வெயில் வேண்டும். காலையிலிருந்து மதியம்வரை வெயிலும் மூன்று மணிக்கு மேல் நிழலும் விழுகிற மூலை உங்கள் புழக்கடையில் எங்கே இருக்கிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பாருங்கள். துவைக்கிற கல்லிலிருந்து சோப்புத் தண்ணீர் ஓடிவரும் பக்கம் மட்டும் வேண்டாம்.

சரி, அடுத்து என்ன செய்வது? பூக்காத அந்த இரண்டு செடிதான் இப்போது உங்கள் கையிருப்பு. சமவெளியில் கிழங்கைவிட நறுக்கிலிருந்து, அதாவது வெட்டி வேர் பிடிக்க வைத்த தளிரிலிருந்து, வளர்க்கும் செடியைத்தான் நான் நம்புவேன். கொல்கத்தா பக்கம் குளிர்காலத்தில் தொட்டியில் பெரிய பெரிய டேலியா வளர்ப்பவர்களும் நறுக்கு வைத்துத்தான் ஆரம்பிக்கிறார்கள். இந்த மாதக் கடைசியில் இரண்டு செடிகளையும் ஒரு அடி உயரத்தில், ஒரு கணுவுக்குச் சற்று மேலே வெட்டிவிடுங்கள். முற்றிய தண்டு உள்ளே வெற்றாக இருக்கும். வெட்டிய வாய் வழியாக மழைத்தண்ணீர் இறங்கினால் கிழங்குவரை அழுகல் போகும். அதனால் வெட்டுவாயை ஒரு அலுமினியத் தாளால் மூடுங்கள். செப்டம்பர் கடைசியில் பக்கத்தளிர்கள் விரல் நீளம் வந்திருக்கும். 7, 8 சென்டிமீட்டர் நீளத்தில், ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, பாதி ஆற்று மணல் பாதி தென்னை நார்க்கழிவு கலந்த சின்னத் தொட்டியில் செருகுங்கள். தளிர் உள்ளே கெட்டியாக இருக்க வேண்டும், வெற்றாகிவிட்டதை விட்டுவிடுங்கள். நேர் வெயில் படாத வெளிச்சத்தில் இரண்டு மூன்று வாரத்தில் வேர் பிடிக்கும். தாய்ச்செடியின் நிறமும் வடிவமும் அப்படியே வரும்.

நிறம் எதுவானாலும் பரவாயில்லை என்றால் விதை இன்னும் சுலபம். குட்டை ரக விதை பாக்கெட்டாகக் கிடைக்கிறது. ஒன்று ஒன்றரை அடிக்கு மேல் வளராது, கோல் தேவையில்லை, பிள்ளைகள் பந்து பட்டாலும் பிழைத்துக்கொள்ளும். அக்டோபர் முதல் வாரம் விதைத்தால் சுமார் மூன்று மாதத்தில் பூ. புது ஆட்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

எப்படி ஆரம்பித்தாலும் நவம்பர் பாதிவரை நாற்று தொட்டியில், தாழ்வாரத்து ஓரத்தில் இருக்கட்டும். கோவைக்கு நல்ல மழை அக்டோபரிலும் நவம்பரிலும்தான். அதில் தரையில் வைத்தால் ஜூன் கதை திரும்ப நடக்கும். மழை ஓய்ந்ததும் அரையடி முக்காலடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி எடுத்து நடுங்கள். உயர ரகத்துக்கு இரண்டடி இடைவெளி, குட்டைக்கு ஒரு அடி. குழிக்கு இரண்டு கை மண்புழு உரம், ஒரு கை எலும்புத் தூள் (நாய் இல்லாத வீட்டில் மட்டும்), ஒரு கை வேப்பம்பிண்ணாக்கு போதும். தொழுவுரம் இந்த வருஷம் வேண்டாம். அடுப்புச் சாம்பல் போட்டால் பூக்கும் என்று சிலர் சொல்வார்கள். உங்கள் செம்மண்ணுக்குக் கொஞ்சம் போட்டால் கெடுதல் இல்லை. கரிசல் மண்ணில் வளர்ப்பவர்கள் தொடவே கூடாது, அந்த மண்ணில் ஏற்கெனவே காரத்தன்மை அதிகம்.

உயர ரகமென்றால் கோலை நடும் அன்றைக்கே ஊன்றிவிடுங்கள். செடி சாய்ந்த பிறகு குத்தினால் கிழங்கில் பாயும். மூன்று நான்கு ஜோடி இலை வந்ததும் நுனியைக் கிள்ளுங்கள். மனசு வராதுதான், ஆனால் கிள்ளாத செடி ஒற்றைத் தண்டாக ஓடி ஒரே ஒரு பூவோடு நின்றுவிடும். மொட்டு பெரும்பாலும் மூன்று மூன்றாக வரும். பூ பெரிதாக வேண்டுமென்றால் நடுமொட்டை விட்டுப் பக்கத்து இரண்டையும் பட்டாணி அளவிலேயே கிள்ளிவிடுங்கள். ஊட்டியில் பார்த்த சாப்பாட்டுத் தட்டு அளவுப் பூ கோவையில் வராது. உள்ளங்கை அளவு வந்தாலே நல்ல விளைச்சல். அதனால் சின்னப் பூ ரகங்களையும் பந்துபோல் உருண்டு வரும் ரகங்களையும் தேர்ந்தெடுங்கள், அவை சூட்டைக் கொஞ்சம் தாங்கும்.

பூச்சியில் இரண்டைத்தான் கவனிக்க வேண்டும். பிப்ரவரியில் காற்று வறண்டதும் இலையின் அடியில் செம்பேன் வரும். மேல்பக்கம் பொடிப்பொடியாக வெளுத்துத் தெரியும். காலையில் இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீர் பீய்ச்சி அடித்தாலே பாதி குறையும். மீதிக்கு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைய கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து, வெயில் தாழ்ந்த பிறகு தெளியுங்கள். அடுத்தது அசுவினி. அது உறிஞ்சுவதைவிட அது கொண்டுவரும் வைரஸ்தான் மோசம். இலை நரம்போரம் மஞ்சளாகி, செடி குறுகிப் போனால் மருந்து கிடையாது. கிழங்கோடு பிடுங்கி அப்புறப்படுத்துங்கள். அதிலிருந்து நறுக்கும் எடுக்காதீர்கள்.

மார்ச்சில் செடி ஓய்ந்ததும் தண்ணீரை நிறுத்தி, தண்டை ஒரு சாண் விட்டு வெட்டி, இரண்டு வாரம் கழித்துக் கிழங்கை எடுக்கலாம். மண்ணை உதறி, நிழலில் ஓரிரு நாள் உலர்த்தி, காய்ந்த நார்க்கழிவோடு காகிதப் பையில் போட்டு, ஃபிரிட்ஜில் காய்கறி வைக்கும் கீழ்த்தட்டில் வையுங்கள். ஏப்ரல், மே வெயிலில் அலமாரியில் வைத்தால் சுருங்கிவிடும். மாதம் ஒருமுறை எடுத்துப் பார்த்து, சுருக்கம் விழுந்திருந்தால் துளி தண்ணீர் தெளித்து, அழுகியதைக் களையுங்கள். அக்டோபரில் வெளியே எடுத்து, ஈரம் பட்டும் படாமலும் உள்ள நார்க்கழிவில் முளைக்க விடலாம். இத்தனைக்குப் பிறகும் எல்லாம் பிழைக்காது. விதைச் செடியின் கிழங்குக்காக இவ்வளவு சிரமப்படத் தேவையே இல்லை, புதிதாக விதைத்துவிடுங்கள்.

பிள்ளைகளுக்கு டேலியா விஷச்செடி அல்ல. ஆனால் கடையில் வாங்கும் கிழங்கில் பூஞ்சைக்கொல்லி தடவியிருக்கலாம், வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், தொட்டால் கை கழுவச் சொல்லுங்கள். நாய் மென்றால் வயிறு கெடும், சில நாய்களுக்குத் தோலில் அரிப்பும் வரும். பொதுவாக லேசாகத்தான் இருக்கும்; வாந்தி நிற்கவில்லை என்றால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். எலும்புத் தூள் வாசனைக்கு நாய் பாத்தியைத் தோண்டாமல் இருக்காது. அதனால் உங்கள் வீட்டில் எலும்புத் தூளை விட்டுவிட்டு மண்புழு உரமும் வேப்பம்பிண்ணாக்கும் மட்டும் போட்டு, முதல் ஒரு மாதம் சுற்றிக் கோழிவலை கட்டிவிடுங்கள்.