வாரியர் சாத்தாத கதவு: கேள்வி பதில்

அவசரநிலைக் காலத்தில் போலீஸ் கொண்டுபோன மகன் ராஜனைத் தேடி அலைந்த கேரளத்து அப்பா, பேராசிரியர் ஈச்சர வாரியர். ‘ஒரு தந்தையின் நினைவுக் குறிப்புகள்’ என்ற அவருடைய புத்தகத்தைப் பற்றி வந்த கேள்விகள் இவை.

ராஜன் நக்சலைட்டுதானே சார்?

எந்தக் கோர்ட்டும் அப்படிச் சொல்லவில்லை. கோழிக்கோடு மண்டலப் பொறியியல் கல்லூரியில் கடைசி வருஷம் படித்த பையன், நன்றாகப் பாடுவான். காயண்ணா போலீஸ் ஸ்டேஷனை நக்சலைட்டுகள் தாக்கியதை அடுத்து, 1976 மார்ச் 1 அன்று அவனைப் பிடித்துக் கக்கயம் போலீஸ் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பெஞ்சில் கிடத்தித் தொடைமேல் உலக்கையை உருட்டுவார்கள். ‘உருட்டல்’ என்றே அதற்குப் பெயர். நக்சலைட்டாகவே இருக்கட்டும், உருட்டலாமா?

அப்பா உடனே கோர்ட்டுக்குப் போயிருக்கலாமே?

எங்கே போவது? பிடித்து வைத்த ஆளைக் கோர்ட்டில் நிறுத்தச் சொல்லிக் கேட்பதுதான் ஆட்கொணர்வு மனு. அவசரநிலையில் அது செல்லாது என்று 1976 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது. ஒரு வருஷம் மனுவும் கையுமாக அலைந்தார். 1977 மார்ச்சில் அவசரநிலை விலகியதும் கேரள உயர்நீதிமன்றத்துக்குப் போனார். கைதே செய்யவில்லை என்று சாதித்த அரசு, பிறகு காவலில் இறந்துவிட்டான் என்று ஒப்புக்கொண்டது. அவசரநிலையில் உள்துறை அமைச்சராக இருந்த கருணாகரன், முதல்வரான ஒரே மாதத்தில் பதவி விலகினார். உடல் கிடைக்கவே இல்லை.

அண்ணே, அம்மா என்ன ஆனார்?

இந்த இடத்துக்காகத்தான் நான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். வழக்கு விவரம் எனக்கு ஒரு தடவை போதும். ராதா மனநலம் குன்றியவர். மகன் போய்விட்டான் என்று அவரிடம் வாரியர் சொல்லவில்லை. ராஜன் எங்கே என்று அவர் கேட்கிறார், இவர் மழுப்புகிறார். சாவு வீடென்றால் கட்டிப்பிடித்து அழவாவது ஆள் உண்டு. அங்கே பெற்றவர்கள் இரண்டு பேரில் ஒருவருக்கு விஷயமே தெரியாது. கணவர் அவரெதிரே அழவும் முடியாது.

முடிவில் மழை வருமாமே?

வரும். செத்த பிறகும் என் பிள்ளையை ஏன் மழையில் நிறுத்தி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார். சாரல் உள்ளே அடித்தாலும் கதவைச் சாத்த மாட்டேன் என்கிறார். கொள்ளியும் இல்லை, கருமாதியும் இல்லை. அந்தப் பிள்ளைக்கு அவரால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

என் அக்கா போன வருஷம் பையனைப் பறிகொடுத்தாள். இதை வாங்கிக் கொடுக்கலாமா?

இப்போது வேண்டாம் தம்பி. இதில் ஆறுதல் கிடையாது. நீங்கள் படித்துவிட்டுப் போய் அக்கா பக்கத்தில் உட்காருங்கள். பையன் பேரை வீட்டில் யாரும் எடுக்காமல் இருந்தால், நீங்கள் எடுங்கள்.